மதிலோர இட்லிப்பூச் செடி

ஜூலை 9, ஞாயிறு

எதையும் தொடங்கும் முன் வரிசைப்படுத்திக்கொள்வது என் பழக்கம். பள்ளியில் வேதியியல் நடத்திய காலமெல்லாம் கரும்பலகையின் இடது ஓரத்தில் அன்றைய பாடத்தின் பகுதிகளை எண்ணிட்டு எழுதிய பிறகுதான் வாயைத் திறப்பேன். பிள்ளைகளைவிட எனக்குத்தான் அது தேவைப்பட்டது. ஆகவே, இந்த நோட்டில் வரப்போவது:

1. மதிலோர இட்லிப்பூச் செடியின் நோய்க்குறிகள்.
2. காரணங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, ஒவ்வொன்றாக விலக்குவது.
3. காரணம் தெரிந்தபின் சிகிச்சை.
4. செடி மட்டும். சங்கரியின் உடல்நிலையை டாக்டர் பார்த்துக்கொள்கிறார். செடிக்கும் அவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.
5. தோற்றால், தோற்றேன் என்று எழுதுவது.

நோய்க்குறிகள்: கொழுந்து இலைகள் மஞ்சளாக இருக்கின்றன. நரம்புகள் மட்டும் பச்சை. அடியில் உள்ள பழைய இலைகள் ஓரளவு நன்றாகவே உள்ளன. இரண்டு கிளைகளில் இலை நுனி பழுப்பாகிக் கருகியிருக்கிறது. வைகாசிக்குப் பிறகு பூ இல்லை. செடி வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள சந்தில், செங்கல் வளைத்த சிறு பாத்தியில் நிற்கிறது. பக்கத்து வீட்டு மாமரத்தின் நிழல் நாள் முழுவதும் விழும்.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு சங்கரி என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டாள். அவளுடைய பிரம்பு நாற்காலியிலிருந்து பார்த்தால் செடி நேராகத் தெரியும். கல்லூரியில் சேர்ந்த வருடம் அவள் வைத்த செடி.

“அப்பா, அது பிழைக்குமா?” என்றாள்.

பிழைக்கும் என்றேன். எந்த ஆதாரத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “போன தடவ புனேயில பால்கனித் துளசி இப்படித்தான் மஞ்சளாச்சு. அதுக்கு அடுத்த வாரம்தான்...”

முடிக்கவில்லை. அவளுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு முறை கரு தங்கவில்லை. இது மூன்றாவது, ஆறாம் மாதம். முழு ஓய்வில் இருக்க வேண்டும் என்று ஏப்ரலிலேயே மாப்பிள்ளை குமரேசன் கொண்டுவந்து விட்டுப் போனார்.

நான்காவது குறிப்பின் மை காயும் முன்பே அதை மீறிவிட்டேன்.

ஜூலை 10, திங்கள்

இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். மாவுப்பூச்சி இல்லை. எறும்பு உண்டு, ஆனால் எறும்பு எங்கேதான் இல்லை.

ஜூலை 12, புதன்

முதல் காரணம் நிழல் என்று வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஞானராஜின் மாமரத்தில் ஒரே ஒரு கிளையைக் கழித்தால் மூன்று மணி நேர வெயில் கிடைக்கும். கேட்பதற்காகப் போனேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “வாங்க சார், பிள்ளை எப்படி இருக்கா?” என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். மாம்பழம் இந்த வருடம் எப்படி என்று கேட்டேன். பையில் ஆறு பழங்கள் போட்டுத் தந்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மனைவி கோமதி பழங்களைப் பார்த்துவிட்டு, “கிளைய வெட்டப் போனிய, பழத்தோட வந்திருக்கிய. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெட்டச் சொல்லுவிய?” என்றாள்.

யோசித்துப் பார்த்தால் இந்த நிழல் பதினெட்டு வருடமாக இருக்கிறது. போன வருடம்கூட இதே நிழலில் செடி கொத்துக் கொத்தாகப் பூத்தது. நிழலை விலக்கலாம். என் கோழைத்தனத்துக்கு நான் கண்டுபிடித்த நியாயமாகவும் இது இருக்கலாம்.

ஜூலை 16, ஞாயிறு

இரண்டாவது காரணம், நீர் தேங்குவது. நான்கு நாட்களாக ஊற்றவில்லை. மாற்றமில்லை. ஆனால் பாத்தி முழுக்கக் காயவும் இல்லை. சந்தில் அவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது?

கோமதியின் அண்ணன் மனைவி பகவதி வந்திருந்தார். ஜன்னல் வழியே செடியைப் பார்த்துவிட்டு, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் வாடிய செடியை வைத்துக்கொண்டிருக்கலாமா, வேரோடு பிடுங்கிப் போடுங்கள் என்றார். சங்கரி பக்கத்தில்தான் இருந்தாள். நான் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். வேறு என்ன செய்வதென்று தோன்றவில்லை.

அவர் போன பிறகு சங்கரி, “பிடுங்கிராதீங்கப்பா” என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 21, வெள்ளி

மூன்றாவது காரணம், சத்துக் குறைவு. உரக்கடையில் கேட்டு வேப்பம் பிண்ணாக்கும் கொஞ்சம் யூரியாவும் போட்டேன். ஒரு நேரத்தில் ஒன்று என்று எழுதிவிட்டு இரண்டைப் போட்டிருக்கிறேன். பதற்றம்தான் காரணம்.

பாத்தியருகே குந்தியிருந்தபோது கோமதி ஆரத்தித் தட்டோடு வந்தாள். நகர்ந்து வழி விட்டேன். ஊற்றிவிட்டுப் போனாள். சங்கரி வந்ததிலிருந்து காலையும் மாலையும் அவளை உட்காரவைத்துச் சுற்றுகிறாள். வளைகாப்புகூட வேண்டாம், நாலு பேர் கண் படும் என்று நிறுத்திவிட்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. தடுக்கும் துணிவும் இல்லை.

சங்கரிக்குக் கால் வீக்கம் இல்லை. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். (நான்காவது குறிப்பு.)

ஜூலை 25, செவ்வாய்

இன்னும் ஏழு இலைகள் விழுந்தன. விழுந்தவற்றைச் சங்கரி எழுந்திருக்கும் முன் பொறுக்கிவிடுகிறேன். இன்று அவள் எனக்கு முன்பே விழித்து ஜன்னலில் இருந்தாள். நான் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 29, சனி

காரணம் தெரிந்துவிட்டது. எழுதவே கை கூசுகிறது.

காலையில் களைக்கொத்தியால் மேல்மண்ணைக் கிளறினேன். விரற்கடை ஆழத்தில் வெள்ளையாக, ஓடுபோல ஒரு படிவு. கையால் ஒடித்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு கரண்டி எடுத்து டம்ளர் நீரில் கரைத்துத் தெளியவைத்தேன். பள்ளியில் லிட்மஸ் தாள் தீர்ந்துபோனால் செய்வதைச் செய்தேன்: வெள்ளைத் தாளில் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, அதில் ஒரு சொட்டு விட்டேன். சிவந்தது.

மஞ்சள் சிவந்தால் காரம். ஒன்பதாம் வகுப்புக்கு வருடாவருடம் செய்துகாட்டிய சோதனை. மண்ணில் காரம் ஏறினால் இரும்பு மண்ணிலேயே இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. கொழுந்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இட்லிப்பூவுக்கு அமில மண்தான் பிடிக்கும். எல்லாம் பொருந்துகிறது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தச் சிவப்பை எங்கே பார்த்தேன், எங்கே பார்த்தேன் என்று நின்றேன். அப்போது கோமதி காலை ஆரத்தித் தட்டோடு சந்துக்குள் வந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த நீர். தட்டில் இருந்ததும் தாளில் இருந்ததும் ஒரே நிறம்.

ஏப்ரலிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தட்டு. கால் மிதிபடாத இடத்தில்தான் ஊற்ற வேண்டும். இந்த வீட்டில் அப்படிப்பட்ட இடம் இது ஒன்றுதான். நான் எத்தனையோ நாள் நகர்ந்து வழி விட்டிருக்கிறேன்.

அவ்வளவு சிறிய அளவு போதுமா என்று சந்தேகம் வந்தது. அடுக்களையில் பார்த்தேன். ஒரு கிள்ளு அல்ல, எலுமிச்சை அளவு சுண்ணாம்பு உருண்டை கரைக்கிறாள். நன்றாகச் சிவக்க வேண்டுமாம்.

ஜூலை 30, ஞாயிறு

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, மட்கிய இலையும் செம்மண்ணும் நிரப்பினேன். மாலையில் அதன்மேல் இன்னொரு தட்டு ஊற்றப்பட்டது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

சொல்லிவிட்டேன். சங்கரி தூங்கிக்கொண்டிருந்தாள். கோமதி அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் மஞ்சள் தாளோடு போய் நின்று, காரம், அமிலம், இரும்பு என்று முழுப் பாடத்தையும் நடத்தினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், “எனக்குத் தெரியும்” என்றாள்.

சுண்ணாம்பு பற்றியா என்று கேட்டேன்.

“சுண்ணாம்பெல்லாம் தெரியாது. அந்தச் செடி வாடுதது தெரியும். ஊத்த ஆரம்பிச்சு மூணாம் வாரமே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் அங்கனயே ஊத்துதேன்.”

எனக்குப் புரியவில்லை. அவள் கீரைக்காம்பை ஒடிப்பதை நிறுத்தினாள்.

“பிள்ளைக்கு வரது அதுக்குப் போகுது. முந்தி ரெண்டு தடவையும் வாங்கிக்கிட யாருமில்ல, அவளே வாங்கிக்கிட்டா. இப்ப அது வாங்குது. அது வாடட்டுங்க. அது வாட வாட எனக்குத் தைரியமா இருக்கு.”

இரும்பு வேருக்குப் போகாததால்தான் வாடுகிறது, வேறு எதுவும் அதற்குள் போகவில்லை என்றேன்.

“சரி. இத்தனை மாசம் பிள்ளை நல்லா இருக்கால்லா? அதுக்கு உங்க புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?”

சோதனை சரி, ஆனால் அவள் கேட்டது சோதனையைப் பற்றி அல்ல. நான் திரும்பி வந்துவிட்டேன். வாசல் வரை வந்த பிறகு, சொல்லியே தீர வேண்டும் என்று தோன்றி, மறுபடி உள்ளே போனேன். புனேயில் துளசி மஞ்சளானதையும், சங்கரி விடிந்ததும் ஜன்னலில் உட்கார்ந்து இலை எண்ணுவதையும் சொன்னேன். உனக்கு அது வாடினால் தைரியம், அவளுக்கு அது வாடினால் பயம் என்றேன்.

கோமதி ஆய்ந்த கீரையை மறுபடி ஆய்ந்தாள்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

காலை ஆரத்தியைத் தெருமுனை மின்கம்பத்தின் அடியில் போய் ஊற்றிவிட்டு வந்தாள். செருப்பில்லாமல் போயிருந்தாள். என்னிடம் பேசவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

உரக்கடையில் அன்னபேதி வாங்கினேன். பச்சைக் கல்கண்டு போலிருக்கும் இரும்பு உப்பு. புதிதாக மண் மாற்றினேன். அன்னபேதி கரைத்த நீரை வேருக்கு ஊற்றி, நீர்த்த கரைசலை இலைமேல் தெளித்தேன். வேட்டியில் துருக்கறை. கோமதி அதைத் துவைக்கும்போது, “இதுக்கு என்ன சோதனை வச்சிருக்கிய?” என்றாள். பேச ஆரம்பித்துவிட்டாள் என்பதே பெரிய ஆறுதல்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இலை விழுவது நின்றிருக்கிறது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. காற்று இல்லாததாலும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

நுனிக் கிளையில் இரண்டு கொழுந்து. வெளிர்ப் பச்சை. மஞ்சள் அல்ல. நேற்றே பார்த்தேன். ஒரு நாள் பொறுத்து எழுதுவோம் என்று விட்டுவிட்டேன்.

சங்கரி எனக்கு முன்பே பார்த்திருக்கிறாள். “பொழைச்சிட்டுப்பா” என்றாள். மத்தியானம் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். குமரேசனுக்கு ஃபோனில் செடியைக் காட்டினாள். ஃபோனை எந்தக் கோணத்தில் பிடித்தாலும் மாமர நிழல்தான் தெரிந்தது.

கோமதியும் கொழுந்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். “பச்சையாயிட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தக் குரலை எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

கொழுந்து எல்லாக் கிளையிலும். ஒரு கிளையில் மொட்டுக்கொத்தும் இருக்கிறது, மிளகு அளவில். சிகிச்சை பலித்தது என்று எழுதலாம். எழுதும் மனநிலை இல்லை. சங்கரியின் பாதம் வீங்கியிருக்கிறது. எட்டாம் மாதத்தில் எல்லோருக்கும் வருவதுதான் என்று நான் சொன்னேன். யார் கேட்டார்கள் என்று சொன்னேனோ.

செப்டம்பர் 7, வியாழன்

தலைவலி என்றாள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. மாத்திரை மாற்றினார்கள். இரண்டு நாளில் மறுபடி வரச் சொன்னார்கள்.

கோமதி சந்துப் பக்கமே போவதில்லை. ஜன்னலைச் சாத்திவைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 9, சனி

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். அழுத்தம் இறங்கவில்லை. இறங்காவிட்டால் இப்போதே எடுத்துவிட வேண்டும், இன்னும் நாள் இருக்கிறதே என்று பார்க்க முடியாது என்றார் டாக்டர். எடுத்துவிட வேண்டும் என்ற சொல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு நிமிடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். குழந்தையை அறுவை செய்து வெளியே எடுப்பதைச் சொல்கிறார் என்று கோமதிதான் விளக்கினாள்.

கோமதி கூட இருக்கிறாள். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது வராந்தா வரை வந்தாள். என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

“நான் எடத்த மாத்தியிருக்கக் கூடாது” என்றாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு ஃபோன். அறுவைக்குக் கொண்டுபோகிறார்கள். குமரேசன் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். நான் சாவியை எடுத்தேன், வைத்தேன், செருப்பைப் போட்டேன், கழற்றினேன். ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தேன். வர அரை மணி நேரம் ஆகும் என்றான் ஆட்டோக்காரன்.

அந்த அரை மணியில் நான் செய்ததை இங்கே எழுத வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

பூஜை அலமாரியில் சுண்ணாம்பு டப்பாவை எடுத்தேன். தட்டில் நீர் விட்டு மஞ்சள்தூளைக் கரைத்தேன். எலுமிச்சை அளவு உருண்டை. சிவந்தது. நன்றாகவே சிவந்தது. சங்கரி உட்காரும் பிரம்பு நாற்காலியின் முன் நின்று மூன்று முறை சுற்றினேன். எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று தெரியாததால் மூன்றுக்கு மூன்று மறுபக்கமும் சுற்றினேன். தட்டு சாய்ந்து தரையில் சிந்தியது. பிறகு சந்துக்குப் போய், நான் ஒரு மாதமாக மண் மாற்றி, உப்புக் கரைத்து, இலை இலையாகத் துடைத்து எழுப்பிய செடியின் அடியில், மொட்டைப் பார்க்காமல், மொத்தத்தையும் ஊற்றினேன்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பதை அப்போதும் அறிந்திருந்தேன். அந்த அறிவு அப்போது போதுமானதாக இல்லை.

ஆட்டோக்காரன் வந்து, “கையில என்ன சார் ரத்தமா?” என்று கேட்டான்.

செப்டம்பர் 11, திங்கள்

பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. நேற்று பகல் பத்தே முக்காலுக்குப் பிறந்திருக்கிறாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தானாகவே மூச்சு விடுகிறாள். சங்கரிக்கு அழுத்தம் இறங்கிவருகிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

சங்கரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோமதி காபி வாங்கப் போயிருந்தாள்.

“அம்மா எல்லாம் சொல்லிட்டா. செடி எனக்குப் பதிலா வாடுச்சாமே” என்றாள். சிரிக்கிறாளா, கோபமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. “நான் அதப் பாத்துப் பாத்துச் செத்துக்கிட்டு இருந்தேன். அவ அதப் பாத்துப் பாத்து நிம்மதியா இருந்திருக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் அவ கூடச் சேந்து ஊத்தியிருப்பேன்.”

“நீயுமா?” என்றேன்.

“வேற என்ன செய்யச் சொல்லுதிய? படுத்தே கெடக்கவளுக்கு?”

கோமதி காபியோடு வந்தாள். காலையில் வீட்டுக்குப் போய்வந்திருந்தாள் போலிருக்கிறது. டம்ளரை என்னிடம் கொடுத்தபோது குரலைத் தாழ்த்தி, “நாக்காலிக்கிட்ட தரையெல்லாம் செவப்பு. கற்பூரமாவது வச்சியளா?” என்றாள்.

கற்பூரம் மறந்துவிட்டேன் என்றேன்.

“வாத்தியாரு” என்றாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

இன்று குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குமரேசன் பைகளைத் தூக்கிக்கொண்டார். சங்கரி குழந்தையோடு வாசல்படிக்கு வெளியே நின்றாள். பகவதியும் கோமதியும் ஆரத்தி சுற்றினார்கள். கற்பூரம் இருந்தது.

சுற்றி முடித்ததும் கோமதி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக யாரும் கேட்பதில்லை, நேராகப் போய் ஊற்றுவார்கள். அவள் என்னைப் பார்த்தாள். சங்கரியும் என்னைப் பார்த்தாள். தெருமுனையா, சந்தா என்று நான் சொல்ல வேண்டும். நான் எதையும் முடிவுசெய்ய விரும்பாதவன் என்பது இருவருக்கும் தெரியும்.

“செடிக்கே ஊத்து. அன்னபேதி அரைக் கிலோ வாங்கி வச்சிருக்கேன்” என்றேன்.

கோமதி சந்துக்குள் போனாள். நான் பின்னாலேயே வாளியும் உப்புமாகப் போனேன். அவள் ஊற்றினாள். சிவப்பு நீர் மண்ணுக்குள் இறங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் என் கரைசலை ஊற்றினேன். மேல்மண் முழுவதும் கறுத்துப்போயிற்று. ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கிறது என்பது எனக்குத் தெரியும். இனி எத்தனை நாளைக்கு இப்படி என்று கேட்டேன். பிள்ளை நடக்கிற வரைக்கும் என்றாள். மாதம் ஒரு முறை மண் மாற்ற வேண்டியிருக்கும். சுண்ணாம்பு உருண்டையைச் சுண்டைக்காய் அளவுக்குக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

திரும்பி வந்து இந்த நோட்டின் முதல் பக்கத்தைப் படித்தேன். முதல் மூன்றும் ஏறக்குறைய சரி. ஐந்தாவது தேவைப்படவில்லை. நான்காவதில், செடிக்கும் அவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். இருந்தது. காலையும் மாலையும் நாங்களே கரைத்து ஊற்றி உண்டாக்கினோம். நான்காவது தவறு.